பெயர் மாறிய தண்ணீர்

தொடக்கப்பள்ளியில் படித்தபோது புதுநீர் வருகையாளர் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். குட்டிப் போத்தலைக் கையில் கொடுத்ததும் தோழி, “இது டாய்லெட் தண்ணிதானே?” என்றாள். குடித்தும் விட்டாள்.

அந்த ஒரு மடக்குக்குப் பின்னால் பெரிய விளம்பர வேலை இருக்கிறது. பொதுப் பயனீட்டுக் கழகம் சொற்களிலிருந்தே தொடங்கியது. ‘கழிவுநீர்’, ‘பயன்படுத்தப்பட்ட நீர்’ ஆனது. சுத்திகரித்து வந்தது ‘புதுநீர்’ ஆனது (ஆற்றில் வரும் புதுவெள்ளத்தை நினைவூட்டும் பெயர், தமிழில் வைத்தவருக்கு ஒரு சபாஷ்!). 2002 தேசிய தின அணிவகுப்பில் அன்றைய பிரதமர் கோ சோக் டோங்குடன் ஏறத்தாழ 60,000 பேர் அதைக் குடித்தார்கள்.

பெயரை மாற்றியது ஏமாற்று வேலையா? நான் அப்படி நினைக்கவில்லை. நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புறஊதாக் கதிர் என மூன்று கட்டங்களையும் மக்களுக்குத் திறந்து காட்டினார்கள். வரிசையைக் குறைக்காமல் சுலோகத்தை மட்டும் மாற்றும் அலுவலகங்கள் அதைச் செய்வதில்லை.

ஆனால் நிலையம் 2024இல் மூடப்பட்டது. புதுநீரில் பெரும்பங்கு தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வறண்ட காலத்தில் நீர்த்தேக்கங்களில் கலந்து நம் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. புதுநீர் என்றால் என்னவென்று தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் தம்பியிடம் கேட்டேன். “மழைத்தண்ணி” என்றான்.