நுரைச்சோலைக்குக் கப்பலில் வரும் காடு

கொட்டாஞ்சேனையில் இருந்து ஓர் ஆசிரியை எழுதிக் கேட்டிருக்கிறார்: "கலமைட்டீஸ் புதைபடிவத்தின் படம் பார்த்தேன். கணுவும் வரியுமாக இருக்கிறதே, மூங்கில்தானா?"

இல்லை. மூங்கில் புல்லினம், பூக்கும். கலமைட்டீஸ் வித்திகளால் பெருகியது, இன்றைய குதிரைவால் செடிகளின் பண்டைய உறவு. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் ஓடைக்கரைகளில் குதிரைவால் இடுப்பளவு நிற்கும். 30 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் உறவினர் 20 மீற்றர் மரங்கள். வெள்ளம் மணலைக் கொட்டி மூடினாலும், புதைந்த கணுக்களில் இருந்தே வேர் விட்டு நிமிர்ந்துவிடும்.

எனக்கு அலுக்காத விசயம் வேறு. படத்தில் தெரியும் அந்த வரிகள் பட்டையில் இருந்தவை அல்ல. தண்டின் நடு வெறும் குழாய். மரம் செத்ததும் சேறு அதற்குள் புகுந்து கல்லானது. சுற்றியிருந்த கட்டை பெரும்பாலும் உக்கிப்போனது. அம்மா மூங்கில் குழலில் பிட்டு அவிப்பார். வெளியே தள்ளியதும் குழலின் உட்புறம் அப்படியே பிட்டில் தெரியும். இதுவும் அதுதான். கல்லில் பள்ளமாக ஓடும் கோடு ஒவ்வொன்றும், நீர் கடத்திய கட்டை உள்நோக்கி அழுத்திய இடம். கணுவுக்குக் கணு அந்தக் கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்று விலகி நிற்கும். மரத்தின் உண்மையான பருமன் இந்தக் கல்லைவிட அதிகம்.

இப்படிப் புதைந்த காடுகள்தான் நிலக்கரி ஆகின. ஆனால் இலங்கையில் நிலக்கரி இல்லை. நம் பாறைகளில் பெரும்பகுதி, நிலத்தில் செடி முளைக்கும் முன்பே உருவானவை. அதனால் நுரைச்சோலை அனல் மின்நிலையத்துக்குத் தென்னாபிரிக்காவில் இருந்தும் நிலக்கரி வருகிறது. அந்த நிலக்கரியைத் தந்த பேர்மியன் காலக் காடுகளில் குளோசொப்டெரிஸ் மரங்களின் கீழே குதிரைவால் இனங்களும் வளர்ந்தன. வெள்ளவத்தையில் எரியும் மின்விளக்கில் அவற்றுக்கும் பங்குண்டு.

நுரைச்சோலை இருக்கும் அதே புத்தளம் மாவட்டத்தில்தான் தப்போவ இருக்கிறது. ஜுராசிக் காலத்துப் பன்னங்களும் ஊசியிலை மரங்களும் அங்கே களிக்கல்லில் பதிந்துள்ளன. 1920களிலேயே கேம்பிரிட்ஜின் தாவரவியலாளர் சீவர்ட் அவற்றை ஆராய்ந்து எழுதினார். கொழும்புப் பாடசாலைகளின் சுற்றுலா பஸ்கள் புத்தளம் வழியாக அநுராதபுரம் போகும்போது அந்தப் பக்கத்தால்தான் போகின்றன. ஒரு மணித்தியாலம் இறங்கிக் காட்டினால் என்ன? பிள்ளைகள் தாதுகோபத்தின் வயதை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தப்போவவின் பெயரையே கேட்டதில்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

போகிறவர்கள் கல்லைப் பெயர்த்துப் பையில் போடவேண்டாம். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத இலைப்பதிவு ஆய்வாளருக்குப் பாதிதான் பயன்படும். கிடந்தபடியே படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வையுங்கள்.