குடும்பக் காரின் எஞ்சின் எண்ணெய்: அளவு பார்த்தல், பராமரித்தல், பழைய எண்ணெயை ஒப்படைத்தல்

மேற்குச் சிட்னியில் வாழும் பல குடும்பங்களுக்குக் கார் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளைகளைப் பாடசாலையில் இறக்கிவிடுவதற்கும், முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும், இரவு வேலை முடிந்து வீடு திரும்புவதற்கும் அதுவே துணை. அந்தக் காரின் எஞ்சின் பழுதடைந்தால் குடும்பத்தின் அன்றாட வாழ்வே தடைப்படுகிறது. பழைய காராயின், எஞ்சினை மாற்றும் செலவு காரின் விலையையே மிஞ்சிவிடக்கூடும்.

எஞ்சின் பழுதடைவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதாகத் தடுக்கக்கூடியது எண்ணெய்க் குறைவு ஆகும். மாதத்திற்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். கருவி எதுவும் தேவையில்லை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எரிபொருள் நிலையப் பணியாளரே பெற்றோல் நிரப்புவது வழக்கம். சிட்னியில் ஏறக்குறைய எல்லா நிலையங்களிலும் ஓட்டுநரே நிரப்பிக்கொள்கிறார். பொனற்றைத் திறந்து பார்க்க வேறு எவரும் வருவதில்லை. ஆகவே ஒரு சேர்விஸுக்கும் அடுத்த சேர்விஸுக்கும் இடைப்பட்ட காலத்தில் எண்ணெயைக் கவனிக்கும் பொறுப்பு கார் உரிமையாளரையே சாரும்.

பிங்க் ஸ்லிப் வேறு, சேர்விஸ் வேறு

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கார்களின் பதிவைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் பாதுகாப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். இதுவே பேச்சுவழக்கில் ‘பிங்க் ஸ்லிப்’ எனப்படுகிறது. இப்பரிசோதனையில் பிரேக், டயர், விளக்குகள், இருக்கைப் பட்டிகள் போன்றவை வீதியில் செல்லத் தகுந்த நிலையில் உள்ளனவா என்று பார்க்கப்படும். எண்ணெயை மாற்றுவது இதில் அடங்காது. ‘பரிசோதனையில் தேறிவிட்டது, இனி ஓராண்டுக்குக் கவலையில்லை’ என்று கருதிச் சேர்விஸைத் தவறவிடுவோர் உண்டு. பிங்க் ஸ்லிப் பெற்ற காரிலும் எண்ணெய் அடிமட்டத்திற்குக் குறைந்திருக்கலாம்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் உலோகப் பாகங்கள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை அசைகின்றன. அவை ஒன்றோடொன்று நேரடியாக உராயாதபடி எண்ணெய் மெல்லிய படலமாக இடையில் நிற்கிறது. அத்துடன் வெப்பத்தைக் கடத்துகிறது. கரியையும் அழுக்கையும் சுமந்து சென்று வடிகட்டியில் சேர்க்கிறது. துருப் பிடிக்காமல் காக்கிறது.

சிறிய குடும்பக் கார் ஒன்றின் எஞ்சினில் பொதுவாக மூன்றரை முதல் நாலரை லீற்றர் எண்ணெய் இருக்கும். நல்ல நிலையிலுள்ள எஞ்சினும் ஓடும்போது சிறிதளவு எண்ணெயைச் செலவிடும். எஞ்சின் தேயத் தேய அச்செலவு கூடும். தரையில் ஒரு துளி ஒழுகாவிட்டாலும் எண்ணெய் குறையலாம் என்பதைப் பலர் அறிவதில்லை.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். ஆயிரம் கிலோமீற்றருக்கு அரை லீற்றர் எண்ணெயைச் செலவிடும் பழைய கார் ஒன்று, பாடசாலை விடுமுறையில் சிட்னியிலிருந்து மெல்பேர்ண் சென்று திரும்புகிறது. போகவர ஏறத்தாழ 1,750 கிலோமீற்றர். இப்பயணத்தில் மட்டும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் குறைவான எண்ணெய் செலவாகிவிடும். பல கார்களில் எண்ணெய் அளவுகோலின் மேற்குறிக்கும் கீழ்க்குறிக்கும் இடையிலுள்ள மொத்த அளவே ஏறக்குறைய ஒரு லீற்றர்தான். அளவு பாதியில் இருக்கும்போது புறப்பட்ட கார், திரும்பி வரும் வழியிலேயே கீழ்க்குறிக்குக் கீழே போய்விடும்.

அளவு பார்க்கும் முறை

1. காரைச் சமதரையில் நிறுத்த வேண்டும். சரிவான வாகனப் பாதையில் நிறுத்திப் பார்த்தால் அளவு பிழையாகக் காட்டும்.

2. எஞ்சினை நிறுத்தி ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மேலே ஏறிய எண்ணெய் அடித்தொட்டிக்கு இறங்க இந்நேரம் தேவை. சில கார்களில் எஞ்சின் குளிர்ந்த நிலையில் பார்க்குமாறு கூறப்பட்டிருக்கும். காரின் கைநூல் சொல்வதையே பின்பற்ற வேண்டும்.

3. பொனற்றைத் திறந்து, டிப்ஸ்டிக் எனப்படும் அளவுகோலைக் கண்டறிய வேண்டும். அதன் பிடி பெரும்பாலும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

4. அளவுகோலை வெளியே இழுத்து, பழந்துணியால் அல்லது காகிதத்தால் துடைக்க வேண்டும். பின்னர் முழுவதுமாக உள்ளே செருகி மீண்டும் எடுக்க வேண்டும். முதன்முறை எடுக்கும்போது தெரியும் அளவை நம்பக்கூடாது.

5. நுனியில் உள்ள இரு குறிகளுக்கு இடையில் எண்ணெய்த் தடம் இருக்க வேண்டும். மேற்குறியை அண்டியிருப்பது நன்று. கீழ்க்குறியை நெருங்கியிருந்தால் எண்ணெய் சேர்க்க வேண்டும்.

6. சேர்க்கும்போது, எஞ்சினின் மேற்புறத்தில் எண்ணெய்க் குவளைப் படம் பொறித்த மூடியைத் திறந்து, புனல் வைத்து, கால் லீற்றர் கால் லீற்றராக ஊற்ற வேண்டும். சில நிமிடங்கள் பொறுத்து மீண்டும் அளவு பார்க்க வேண்டும். முடிவில் மூடியை இறுக்கமாக மூட மறக்கக்கூடாது.

மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தீங்கே. மிகையான எண்ணெயைச் சுழலும் பாகங்கள் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த எண்ணெய் உலோகத்தைக் காக்காது; கசிவுத் தடுப்புகளும் கெடக்கூடும்.

அண்மைக்காலக் கார்கள் சிலவற்றில் டிப்ஸ்டிக் இருப்பதில்லை. ஓட்டுநர் முன்னுள்ள திரையில் அளவைப் பார்க்கலாம். முழு மின்சாரக் கார்களில் எஞ்சின் எண்ணெயே இல்லை. ஆனால் ஹைபிரிட் கார்களில் பெற்றோல் எஞ்சினும் உண்டு. ஆகவே அவற்றிலும் எண்ணெயைக் கவனித்தே ஆக வேண்டும்.

நிறமும் மணமும் சொல்வன

எண்ணெய் கறுத்திருப்பதனால் மட்டும் அது கெட்டுவிட்டது என்று கொள்ளலாகாது. அழுக்கைச் சுமப்பதே எண்ணெயின் கடமையாதலால் அது கறுப்பது இயல்பு. டீசல் கார்களில் மாற்றிய சில நாட்களிலேயே கறுத்துவிடும்.

அளவுகோலில் உள்ள எண்ணெய் பால் கலந்த தேநீர் போலத் தோன்றினால், எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்மம் உள்ளே கலந்திருக்கலாம். அக்காரை ஓட்டாமல் உடனே மெக்கானிக்கை அழைக்க வேண்டும். குளிர்காலத்தில் குறுந்தூரம் மட்டும் ஓடும் கார்களில், ஊற்றும் மூடியின் அடியில் மாத்திரம் சிறிதளவு வெண்மை படிவதுண்டு. அது பெரும்பாலும் நீராவி படிந்ததனால் ஏற்படுவது. எண்ணெயில் பெற்றோல் மணம் பலமாக வீசினாலோ, ஊற்றாமலே அளவு கூடியிருந்தாலோ, எரிபொருள் கலந்துள்ளதா என்று பரிசோதிக்க வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தால்

ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் எண்ணெய்க் குவளை வடிவச் சிவப்பு விளக்கு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது அது எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் காரை ஒதுக்கி உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். ‘வீடு பக்கத்தில்தானே’ என்று தொடர்ந்து ஓட்டுவதே எஞ்சினை இழப்பதற்கான வழி. இவ்விளக்கு எண்ணெயின் அழுத்தம் வீழ்ந்துவிட்டதைக் காட்டுகிறதேயன்றி, எண்ணெய் குறையத் தொடங்கியதை முன்கூட்டியே அறிவிப்பதில்லை. அது எரியும் வேளையில் உலோகத்தின் மேல் படலம் இல்லாது போயிருக்கக்கூடும். விளக்கு எரியவில்லை என்பதால் அளவு சரியாக உள்ளது என்று எண்ணுவதும் தவறு. மஞ்சள் நிற விளக்கு உள்ள கார்களில், அது பொதுவாக அளவு குறைந்துள்ளதைக் குறிக்கும். விரைவில் அளவு பார்த்துச் சேர்க்க வேண்டும்.

எந்த எண்ணெய், எப்போது மாற்றுவது

எண்ணெய்க் கலனில் 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற குறியீடுகள் அச்சிடப்பட்டிருக்கும். ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். பின்னுள்ள எண், எஞ்சின் சூடான நிலையில் எண்ணெயின் தடிப்பைக் காட்டும். தடித்த எண்ணெயே சிறந்தது என்ற கருத்து பழைய எஞ்சின்களின் காலத்தது. இன்றைய எஞ்சின்கள் பலவற்றின் இடுக்குகள் மெல்லிய எண்ணெய்க்கென வடிவமைக்கப்பட்டவை. துகள் வடிகட்டி பொருத்திய டீசல் கார்களுக்கு அதற்குரிய எண்ணெயே வேண்டும்; வேறு எண்ணெய் ஊற்றினால் வடிகட்டி அடைபடும். கைநூலில் உள்ள குறியீட்டை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று கடையில் காட்டுவது எளிய வழி.

எண்ணெய் மாற்றும் காலத்தையும் கைநூலே தீர்மானிக்கிறது. 12 மாதம் அல்லது 15,000 கிலோமீற்றர் என்பது பல கார்களுக்குரிய இடைவெளி. சில கார்களுக்கு அது 10,000 கிலோமீற்றர். இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ‘ஆண்டு முழுவதும் 4,000 கிலோமீற்றர்தான் ஓடியது’ என்று தள்ளிப்போடுவது சரியன்று. பாடசாலைக்கும் கடைக்குமாக ஓரிரு கிலோமீற்றர் மட்டும் ஓடும் எஞ்சின் முழுமையாகச் சூடேறுவதில்லை. அதனால் நீரும் எரிபொருளும் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. இத்தகைய ஓட்டத்தைப் பல கைநூல்கள் ‘கடுமையான பயன்பாடு’ என வகுத்து, விரைவாக மாற்றுமாறு கூறுகின்றன. எண்ணெயுடன் வடிகட்டியையும் மாற்ற வேண்டும்.

மெக்கானிக்கைத் தெரிவு செய்தல்

இம்மாநிலத்தில் வாகனத் திருத்துநர்கள் உரிமம் பெற்றிருத்தல் சட்டப்படி அவசியம். புதிய காரை விற்ற நிறுவனத்திடமே சேர்விஸ் செய்யாவிட்டால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் போய்விடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. தகுதியுள்ளவர், உற்பத்தியாளர் கூறிய முறைப்படி, பொருத்தமான தரமுள்ள எண்ணெயையும் பாகங்களையும் கொண்டு செய்தால், வேறு கராஜில் செய்த காரணத்தால் மாத்திரம் உத்தரவாதம் இல்லாமற் போகாது. ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்த வேண்டும்; எந்த எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும்.

வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேட்கலாம். திருத்துநருடன் ஏற்படும் பிணக்கைத் தீர்க்க, நியூ சவுத் வேல்ஸ் நியாய வணிக அலுவலகத்தை 13 32 20 என்ற எண்ணில் அழைக்கலாம். தமிழில் பேச விரும்புவோர் முதலில் 13 14 50 என்ற தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை அழைத்து, தமிழ் உரைபெயர்ப்பாளர் மூலம் அவ்வலுவலகத்துடன் இணைக்குமாறு கேட்கலாம்.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவோர் ஒன்றை மறக்கக்கூடாது. ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் எக்காரணத்திற்காகவும் நுழையக்கூடாது. ஜாக்கி நழுவி உயிரிழந்தோர் இந்நாட்டில் உண்டு. காரைத் தாங்கு கால்களின் மேல் நிறுத்த வேண்டும். பழைய எண்ணெய் தோலுக்குத் தீங்கானது. கையுறை அணிய வேண்டும்.

பழைய எண்ணெய் வடிகாலுக்கு உரியதன்று

வீதியோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்திற்குச் செல்வதில்லை. வெண்ட்வர்த்வில், துங்காபி போன்ற பகுதிகளின் மழைநீர் அருகிலுள்ள ஓடைகளில் சேர்ந்து பரமட்டா ஆற்றை அடைகிறது. ஒரு லீற்றர் எண்ணெய் பத்து லட்சம் லீற்றர் நீரை மாசுபடுத்தவல்லது. நீரை மாசுபடுத்துவது 1997ஆம் ஆண்டின் சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். மண்ணில் ஊற்றுவதும், சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குப்பைத் தொட்டியில் இடுவதும் கூடாது.

சமூக மீள்சுழற்சி நிலையங்களில் வீட்டுப் பாவனையில் எஞ்சிய எண்ணெயைக் கட்டணமின்றி ஒப்படைக்கலாம். வீட்டு இரசாயனப் பொருட்கள் சேகரிப்பு நாட்களிலும் ஏற்றுக்கொள்ளப்படும். எண்ணெய் வந்த கலனிலேயே ஊற்றி, இறுக மூடி, 20 லீற்றருக்கு மேற்படாத கலன்களில் கொண்டுவர வேண்டும். நீர், பெற்றோல், பெயின்ற் எதையும் அதனுடன் கலக்கக்கூடாது. கலந்த எண்ணெயை மீள்சுழற்சி செய்வது கடினம். தூயதாக ஒப்படைக்கப்படும் எண்ணெயைச் சுத்திகரித்து மீண்டும் எண்ணெயாகவே ஆக்கலாம். எண்ணெய் உபயோகத்தால் அழிவதில்லை, அழுக்கடைவதே அதிகம்.

நினைவில் வைக்க வேண்டியவை

• மாதத்திற்கு ஒருமுறையும், நீண்ட பயணத்திற்கு முன்னரும் அளவு பார்க்க வேண்டும்.
• கைநூலில் கூறிய எண்ணெயையே ஊற்ற வேண்டும்; மேற்குறியைத் தாண்டக்கூடாது.
• கிலோமீற்றர் குறைவாயினும் உரிய மாதத்தில் எண்ணெயை மாற்ற வேண்டும்.
• சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும்.
• பழைய எண்ணெயை மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

வீட்டில் கார் ஓட்டப் பழகும் இளையவர் இருந்தால், அளவு பார்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைக்கலாம். ஓட்டுநர் உரிமத்துடன் சேர்த்துக் கற்றுக்கொள்ளும் இப்பழக்கம் அவருக்குப் பிற்காலத்திலும் பயன்படும்.