ஆறு வயதுக்கு முன்னால்

வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தையின் படிப்பைப் பற்றிப் பிரிந்து வாழும் பெற்றோருக்குள் எழும் சண்டை, பெரும்பாலும் தாமதம் இருக்கிறதா என்பதிலேயே தொடங்கிவிடுகிறது. ஒருவர் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும் என்பார். மற்றவர், "எங்க வீட்ல எல்லாருமே லேட்டாத்தான் பேசினோம்" என்பார். வாரநாளில் ஒரு வீடு, விடுமுறையில் இன்னொரு வீடு என்று குழந்தை மாறிக்கொண்டிருந்தால், இங்கே பழக்கியது அங்கே விட்டுப்போகும்.

பள்ளிச் சட்டங்கள் ஆறு வயதுக்கு முன் கைகொடுப்பதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதில்தான் தொடங்குகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி தரும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் 6 வயது முதல்தான் அந்த உரிமை. பயிற்சி அதிகம் பலிக்கும் முதல் ஆண்டுகள் பெற்றோர் கையில் விடப்பட்டிருக்கின்றன, அவர்களோ ஒத்துப்போவதில்லை.

சிக்கலை 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் காப்பாளர் சட்டம் இன்னும் முறுக்குகிறது. 5 வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம் என்கிற அதே பிரிவு, இயற்கைக் காப்பாளராகத் தந்தையை முதலில் வைக்கிறது. தினமும் தெரபிக்குத் தூக்கிப் போவது ஒருவர், காகிதத்தில் காப்பாளர் இன்னொருவர். தந்தை அக்கறை காட்டாதபோது தாயே காப்பாளராக இருக்கலாம் என்று 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்தது. அக்கறையோடு எதிர்க்கிற தந்தைக்கு அந்த விளக்கம் போதாது. அப்போது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின்படி நீதிமன்றம் போக வேண்டும். வழக்கு முடியும்வரை காத்திராமல், 12-ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

எந்தப் பயிற்சி நல்லது என்று நீதிபதியால் சொல்ல முடியாது. மதிப்பீட்டு அறிக்கைதான் பேசும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தை அடுத்து முட்டுக்காட்டில் 2005-இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2021 முதல் அங்கே, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சி மையமும் இயங்குகிறது. இரு தரப்பும் தனித்தனி மருத்துவரிடம் தனித்தனிச் சீட்டு வாங்குவதைவிட, இப்படியோர் அரசு மையத்தில் இருவரும் சேர்ந்து ஒரே மதிப்பீடு பெறுவது சண்டையைப் பாதியாகக் குறைக்கும்.

குழந்தை வளர்ந்தால் தகராறு தானே தீரும் என்பதும் இல்லை. சென்னையில் தந்தையுடன் இருந்த, அறிவுத்திறன் குறைபாடுள்ள 22 வயது இளைஞர் பற்றிய வழக்கில், அவரிடமே பேசிப் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம் தாயின் மனுவைத் தள்ளிவிட்டது. உச்ச நீதிமன்றமோ பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மதிப்பீட்டை வாங்கியது. அவருடைய திறன் 8 முதல் 10 வயதுக் குழந்தையின் அளவில் இருப்பதாக அது சொன்னதை ஏற்று, தாயுடன் அமெரிக்காவுக்குத் திரும்ப 2025 மார்ச்சில் உத்தரவிட்டது.