வந்தவர் எத்தனை, முகவரி தந்தவர் எத்தனை?

நம் சங்கக் குடும்பங்களில் ஏதாவது ஒரு பிள்ளையாவது இன்று இணையத்தில் கடை விரித்திருக்கிறது. இட்லிப்பொடி விற்கும் மருமகள், பரதநாட்டியம் கற்றுத்தரும் மகள், கணக்குப் பாடம் நடத்தும் பையன் என்று சொல்லிக்கொண்டே போகலாம். இவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் ஒரே ஆசை வருகிறது. "காசு கொடுத்தால் நம் இணையதளத்துக்கு ஆள் அனுப்புகிறார்களாமே, வாங்கிப் பார்த்தால் என்ன?" அந்த ஆசையைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன். எங்கள் குடும்பத்திலேயே அது வந்துவிட்டதால், கொஞ்சம் விவரமாகவே சொல்ல முடியும்.

நான் கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டனில் பிறந்து வளர்ந்தவன். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பிறகு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிழைப்பு என்றால் பெங்களூர் ரயில்தான். விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ஏறி, இருட்டிய பிறகு திரும்பும் கூட்டத்தில் என் அக்காள் மகனும் ஒருவன். இரவில் வீட்டில் உட்கார்ந்து ரயில்வே தேர்வுக்கான கணக்குப் பாடங்களைத் தமிழில் தயாரிக்கிறான். அந்தத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதே இல்லை! வாரம் ஒரு பாடத்தை மின்னஞ்சலில் இலவசமாக அனுப்புகிறான். பிடித்தவர்கள் ஆயிரத்து இருநூறு ரூபாய் கட்டி முழு வகுப்பில் சேரலாம். ரயில் பயணத்தை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவன் கனவு.

வாட்ஸ்அப் குழுவும் யூடியூபும் இருக்கும்போது மின்னஞ்சல் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அங்கெல்லாம் நாம் குடியிருப்பது வாடகை வீட்டில். வீட்டுக்காரர் விதியை மாற்றினால் நாம் சொல்வது யாருக்கும் எட்டாமல் போகும். முகவரிப் பட்டியலோ நம் கைக்கணக்கு. இன்று இந்த நிறுவனத்தின் மூலம் அனுப்பலாம், நாளை வேறொன்றுக்கு எடுத்துப் போகலாம். மளிகைக் கடைக்காரர் தம் வாடிக்கைக்காரர் நோட்டைப் பத்திரமாக வைத்திருப்பது போலத்தான்.

ஆனால் அந்த நோட்டு நிரம்ப ஆள் வர வேண்டுமே! அவன் கண்ணில் ஒரு விளம்பரம் பட்டது. மூவாயிரம் ரூபாய்க்குப் பத்தாயிரம் பேர். தலைக்கு முப்பது காசு. வாங்கினான். பத்தாயிரம் பேர் வந்ததாகக் கணக்கும் காட்டினார்கள். ஆனால் பெரும்பாலோர் வந்தது இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில். தமிழே தெரியாத நாடுகளிலிருந்து வந்து, இரண்டு விநாடி நின்று போய்விட்டார்கள். முகவரி தந்தவர் பன்னிரண்டு பேர். அதில் ஐந்து முகவரிக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது.

இது புதிய வித்தை அல்ல. கிளிக்குக்கு இவ்வளவு என்று விளம்பரதாரரிடம் காசு வாங்கும் முறையை 1998ல் கலிபோர்னியாவில் பில் கிராஸ் என்பவரின் கோட்டூ நிறுவனம் பெரிய அளவில் தொடங்கிவைத்தது. கூகுள் 2000ல் விளம்பரச் சேவையைத் தொடங்கி, 2002ல் இந்தக் கிளிக் கணக்குக்கு வந்தது. கிளிக்குக்குக் காசு என்றானதும் கிளிக் செய்வதே ஒரு கூலி வேலையாகிவிட்டது. இந்தியாவில் இல்லத்தரசிகளும் பட்டதாரிகளும் வீட்டிலிருந்தபடி விளம்பரங்களைக் கிளிக் செய்து சம்பாதிக்கிறார்கள் என்று 2004லேயே டைம்ஸ் ஆஃப் இந்தியா எழுதியது. இப்போது அந்தக் கூலிக்கும் ஆள் தேவையில்லை, கணிப்பொறி நிரலே செய்துவிடுகிறது. முப்பது காசுக்கு வருகிறவர் யாராக இருக்க முடியும்?

விற்றவர்கள் அத்தோடு விடவில்லை. "ஆள் வேண்டாம், முகவரியே தருகிறோம். ஐம்பதாயிரம் மின்னஞ்சல் முகவரி, பதினைந்தாயிரம் ரூபாய்" என்றார்கள். பையன் என்னிடம் போனில் பேசினான். "மாமா, அம்மா சங்கிலியை வெச்சா ஆயிடும். ரெண்டு மாசத்துல மீட்டுடுவேன்." அது சுரங்கம் மூடியபோது வந்த பணத்தில் அக்காள் வாங்கிய சங்கிலி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நான் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

அவனுக்கு நான் சொன்னது எங்கள் ஊர்க் கணக்கு. தங்கவயலில் ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் கால் வைத்தது. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறைக்கு நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் ஐந்து கிராம்கூடத் தேறவில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய்விட்டது. எத்தனை டன் மேலே வந்தது என்று பெருமை பேசிப் பயனில்லை. ஒரு கிராம் எடுக்க என்ன செலவு, அது என்ன விலைக்குப் போகும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சரியில்லாமல் போனதால்தான் சுரங்கமே மூடியது. ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மணல்மேடுகள் அத்தனையும் தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய பாறைத்தூள்தானே!

நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். உதாரணத்துக்கு, கிளிக் ஒன்றுக்கு ஆறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு பேர் வர அறுநூறு ரூபாய். நான்கு பேர் முகவரி தருகிறார்கள். அவர்களில் ஒருவர்தான் கடிதத்தைத் தொடர்ந்து படிக்கிறார். படிக்கும் பத்துப் பேரில் ஒருவர் வகுப்பில் சேர்ந்தால், அந்த ஒருவருக்காக ஆறாயிரம் செலவு. வரவு ஆயிரத்து இருநூறு. இன்னொரு கணக்கும் போட்டோம். கிளிக் பத்து ரூபாய், அதாவது விலை அதிகம். ஆனால் ரயில்வே கணக்குப் பாடம் தேடுகிறவர்கள் மட்டுமே வருகிறார்கள். நூறு பேரில் இருபது பேர் முகவரி தந்து, பத்துப் பேர் படித்து, ஒருவர் சேர்ந்தால் செலவு ஆயிரம். இருநூறு ரூபாய் மிச்சம். பெரிய லாபம் இல்லைதான், ஆனால் நிற்கிற கணக்கு.

விலைக்கு வாங்கும் முகவரிப் பட்டியல் இதைவிட மோசம். அதில் உள்ளவர்கள் நம்மைக் கேட்கவே இல்லை, கடிதம் வந்ததும் "குப்பை" என்று அமுக்கிவிடுவார்கள். ஒரு நாளில் ஐந்தாயிரத்துக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் கண்டிப்பான விதி வைத்திருக்கிறது. ஒரே அழுத்தலில் விலகிக்கொள்ள வழி தர வேண்டும். குப்பை என்ற புகார் ஆயிரத்துக்கு மூன்றை எட்டக் கூடாது. எட்டினால் விரும்பிக் கேட்டவர்களுக்குப் போகும் கடிதமும் குப்பைப் பெட்டிக்குப் போக நேரிடும். ஐம்பதாயிரம் பேருக்கு ஒருமுறை அனுப்பினால் போதும், அவனுடைய பழைய முந்நூறு வாசகர்களும் போனமாதிரிதான். சட்டமும் இருக்கிறது. 2023ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்தன. படிப்படியாக நடைமுறைக்கு வரும் அந்தச் சட்டம், சம்மதம் என்றால் விவரம் தெரிந்து தானாகத் தந்ததாக இருக்க வேண்டும் என்கிறது.

அப்படியானால் காசு கொடுத்து ஆள் சேர்ப்பதே தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. 1930களில் எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடனில் பரிசுப் பணம் வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தித்தான் விற்பனையைப் பெருக்கினார். பரிசுக்காக வாங்கியவர்களைக் கல்கியின் எழுத்து பிடித்து நிறுத்தியது. பெங்களூரில் பள்ளிப் படிப்பு படித்த சபீர் பாட்டியா, 1996ல் நண்பர் ஜாக் ஸ்மித்துடன் ஹாட்மெயில் தொடங்கியபோது வேறு வழி பிடித்தார். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் இலவச மின்னஞ்சல் பெறலாம் என்று ஒரு வரி சேர்த்ததில், கடிதம் எழுதியவர்களே விளம்பரக்காரர்கள் ஆனார்கள்! 1997 இறுதியில் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கிவிட்டது.

சங்கிலி அடகுக்குப் போகவில்லை. பையன் இப்போது கூகுளில் ஒரு நாளைக்குச் சராசரியாக ஐம்பது ரூபாய் என்று வரம்பு வைத்து விளம்பரம் செய்கிறான். 2018 முதல் அங்கே தமிழிலேயே விளம்பரம் கொடுக்க முடிகிறது. தேடும் சொற்களை அவனே பொறுக்கி எடுக்கிறான். விளம்பரத்தைத் தொட்டால் இணையதளத்தின் முகப்புக்குப் போகாது. ஒரு மாதிரி வினாத்தாள் இருக்கும் பக்கத்துக்கு நேராகப் போகும். அதைப் பெற முகவரி தர வேண்டும். தந்த முகவரிக்கு ஒரு கடிதம் போய், "நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்று உறுதி செய்துகொள்ளும். இதில் பாதியில் நிற்பவர்கள் உண்டு, நிற்கட்டும் என்றேன்.

இதோடு ராபர்ட்சன்பேட்டை ஜெராக்ஸ் கடைகளில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறான். ரயில் பெட்டியில் படித்துக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் அவனே பேசுகிறான். அவர்களில் முகவரி தந்தவர்கள் கடிதத்தைத் திறக்காமல் விடுவதே இல்லையாம். ஞாயிறு மாலை எனக்குப் போன் செய்து மூன்று எண் சொல்வான்: அந்த வாரம் செலவானது, புதிதாகச் சேர்ந்தவர், கடிதத்தைத் திறந்தவர். எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. ரயிலை இன்னும் விடவில்லை. அடுத்த தேர்வு முடியட்டும், பார்க்கலாம் மாமா என்கிறான்.