மெஷின் பொது, லாகின் பொதுவல்ல

பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன் பக்கங்களை எழுத்துணரி மூலம் உரையாக மாற்றும் வேலையை, நாங்கள் நாலு பேர் வார இறுதிகளில் செய்துவருகிறோம். மூன்று பேர் மென்பொருள்காரர்கள். நான்காமவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஆளுக்கொரு லேப்டாப், ஆளுக்கொரு டெஸராக்ட் பதிப்பு. ஒரே பக்கத்தை ஓட்டினால் நாலு விதமான உரை வரும். "என் மெஷின்ல ஒழுங்காத்தானே வருது" என்ற பேச்சிலேயே பாதி நேரம் போகும். அதனால் என் மேசைக்கடியில் சும்மா கிடந்த டெஸ்க்டாப்பில் கேவிஎம் போட்டு, அதற்குள் டெபியன் 12 மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கினேன். 4 கோர், 12 ஜிபி ரேம். எல்லோரும் எஸ்எஸ்ஹெச் வழியாக அதில் நுழைந்து வேலை செய்வதாக ஏற்பாடு.

நிறுவுவது அரை நாள் வேலை, அதற்கான குறிப்புகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நான் தப்பு செய்தது அதற்கப்புறம். 'டெவ்' என்று ஒரே ஒரு பயனரை உருவாக்கி, கடவுச்சொல்லை நாலு பேருக்கும் கொடுத்துவிட்டேன். எல்லாரும் நம்ம ஆளுங்கதானே!

ஆறு வாரம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வேறு பிராஞ்சுக்கு மாறப் பார்த்தேன். கமிட் செய்யாத மாற்றங்கள் இருப்பதாகச் சொல்லி கிட் மறுத்தது. முந்தின நாள் நான் கிறுக்கிய சோதனை வரிகள்தான் என்று நினைத்து, 'கிட் ரீசெட்' கட்டளையை 'ஹார்டு' சேர்த்து அடித்தேன். போனது என் கிறுக்கல் இல்லை. ஐயா இரண்டு வாரமாகக் கையால் திருத்தி வைத்திருந்த 38 பக்கங்கள். அவருக்குக் கமிட் செய்யத் தெரியாது. சேமித்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

புதன்கிழமை ஐயா போன் செய்தார். "தம்பி, நான்தான் ஏதோ தப்பா அழுத்திட்டேன் போல. திருத்தினதெல்லாம் பழையபடி இருக்கு. மத்தவங்ககிட்ட சொல்லாதீங்க, மறுபடி உக்காந்து பண்ணிடறேன்."

ஹிஸ்டரியைத் திறந்து பார்த்தேன். கட்டளை இருந்தது, அடித்தது யார் என்று இல்லை, எல்லாமே 'டெவ்'. அடுத்த வரியில் என் பிராஞ்சின் பெயர் இருந்ததால்தான் அது நான் என்று தெரிந்தது. உடனே அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்ப நான் இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

இந்த வகைத் தப்புக்கு வயது அறுபது ஆகிறது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்த ஆரம்பகால அமைப்புகளில் ஒன்று எம்ஐடியின் சிடிஎஸ்எஸ். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ, தன் டூரிங் விருது உரையில் 1960களில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். அதன் எடிட்டர், தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைக்கும். ஒரு டைரக்டரியில் ஒருவர்தான் வேலை செய்வார் என்பது கணக்கு. ஆனால் நிர்வாகிகள் மட்டும் ஒரே டைரக்டரியைப் பகிர்ந்துகொண்டார்கள். ஒருவர் வரவேற்புச் செய்தியைத் திருத்த, இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் லாகின் செய்தவர்களின் முன் எல்லோருடைய கடவுச்சொல்லும் வந்து விழுந்தது.

லினக்ஸுக்கு நம்ம முகம் தெரியாது, யூஐடி என்ற எண் மட்டும்தான் தெரியும். நாலு பேரும் 1000 என்ற எண்ணில் போனால், அதன் கண்ணுக்கு ஒரே ஆள்தான். கோப்பு யாருடையது, எதை யார் அழிக்கலாம், நினைவகத்தை யார் தின்கிறார் என்று எதையும் அதனால் பிரித்துப் பார்க்க முடியாது.

ஆகவே 'டெவ்' பயனரை நீக்கி, அதே பெயரில் ஒரு குழுவை வைத்தேன். நாலு பேருக்கும் தனிக் கணக்கு, தனி எஸ்எஸ்ஹெச் சாவி. கடவுச்சொல் லாகின் முழுக்க மூடியாயிற்று. அவரவர் ஹோம் டைரக்டரியில் அவரவர் கிட் நகல். நடுவில் வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் உள்ள ரெப்போ. இனி என் ரீசெட் என் நகலைத்தான் கெடுக்கும்.

முடிந்த உரைகளுக்கு மட்டும் ஒரு பொது டைரக்டரி வேண்டியிருந்தது. இங்கேதான் பலர் வெறுத்துப்போய் 777 கொடுத்துவிடுகிறார்கள். அதைச் செய்யாதீங்க. நான் உருவாக்கும் கோப்பு இயல்பாக என் சொந்தக் குழுவுக்குப் போகும், அதனால் மற்றவர் அதில் எழுத முடியாது. டைரக்டரிக்கு 2775 என்று அனுமதி கொடுத்தால், முன்னால் நிற்கும் அந்த 2, அதாவது செட்ஜிஐடி, உள்ளே பிறக்கும் கோப்பையெல்லாம் டைரக்டரியின் குழுவிலேயே சேர்த்துவிடும். அப்படியும் எழுத முடியவில்லை என்று நான் ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். காரணம் யூமாஸ்க். அது 022 ஆக இருந்ததால், குழுவுக்குரிய எழுதும் உரிமை கோப்பு பிறக்கும்போதே கழிந்துவிடுகிறது. 002 ஆக்கியபின் சரியானது.

அடுத்து கிட் முரண்டு பிடித்தது. 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, வேறொருவருக்குச் சொந்தமான ரெப்போவை அது நம்புவதில்லை. காரணம் ஒரு பாதுகாப்பு ஓட்டை, நியாயமான மறுப்புதான். நடு ரெப்போவின் பாதையை 'சேஃப் டைரக்டரி' என்று மெஷின் முழுமைக்கும் அறிவித்ததும் வழிக்கு வந்தது.

தனிக் கணக்குகளால் எதிர்பாராத லாபமும் உண்டு. சிஸ்டம்டி ஒவ்வொரு பயனரையும் தனி ஸ்லைஸில் வைக்கிறது. ஆளுக்கு 3 ஜிபி என்று உச்சவரம்பு வைத்தேன். இப்போது ஒருவர் நூறு பக்கத்தை ஒரேயடியாக ஓட்டினாலும் அடுத்தவர் திரை உறைவதில்லை. சூடோ போட்டால் யார் போட்டது என்று பதிவும் ஆகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் எழுதிய ஸ்கிரிப்ட் ஒன்றும் தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரைத்தான் வைத்துக்கொண்டிருந்தது, சிடிஎஸ்எஸ் எடிட்டர் மாதிரியே. எம்கேடெம்ப் கட்டளை ஒவ்வொரு முறையும் புதுப் பெயர் தரும், அதற்கு மாற்றிவிட்டேன்.

ஐயாவின் கணக்கில் அரை மணிக்கொரு தடவை தானாகக் கமிட் ஆகும்படி கிரான் போட்டிருக்கிறேன். இரவில் எல்லாம் வேறொரு டிஸ்க்குக்கும் நகலாகிறது. 38 பக்கத்தில் 31ஐ ஐயா திரும்ப முடித்துவிட்டார். மிச்சம் 7 பக்கம் என் பொறுப்பு. என் திருத்தத்தில் ஒற்றுப்பிழை ஏகப்பட்டது இருக்கிறதாம், நேற்றும் போனில் சொன்னார்.