கண்ணாடி முகப்பு விளக்குகளைச் சீர்செய்தல்

கண்ணாடி முகப்பு விளக்குகளைச் சீர்செய்தல் என்பது, பழைய தானுந்துகளின் முகப்பு விளக்குக் கண்ணாடி மங்கியோ தேய்ந்தோ போகும்போது, அதன் ஒளிபுகு தன்மையை இயன்றவரை மீட்டெடுக்கும் வேலை ஆகும். பிற்காலத் தானுந்துகளில் உள்ள நெகிழி விளக்குகள் மஞ்சளாவதும் இதுவும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். இவை இரண்டும் காரணத்திலும் தீர்விலும் வேறுபட்டவை. நெகிழிக்கு உரிய முறையைக் கண்ணாடியின் மீது கையாண்டால் விளக்கு முன்னிருந்ததை விடவும் மங்கலாகக்கூடும்.

வரலாறு

1939 இல் ஐக்கிய அமெரிக்காவில் அடைப்பு விளக்கு அறிமுகமானது. கண்ணாடி, எதிரொளிப்பான், மின்னிழை ஆகிய மூன்றும் ஒரே உறைக்குள் அடைக்கப்பட்ட 7 அங்குல (178 மி.மீ.) வட்ட விளக்கு அது. மின்னிழை அறுந்தால் முழு விளக்கையும் மாற்றவேண்டும். ஆனால் அதனுடன் புதிய கண்ணாடியும் புதிய எதிரொளிப்பானும் கிடைத்துவிடும். ஐரோப்பாவில் பல்பை மட்டும் தனியே கழற்றி மாற்றும் கண்ணாடி விளக்குகளே வழக்கில் இருந்தன. இவற்றுக்கான எச்4 வகை ஆலசன் பல்பு 1971 இல் வெளிவந்தது. அமெரிக்கா 1983 இல் பல்பு மாற்றக்கூடிய விளக்குகளை அனுமதித்த பின்னர், பாலிகார்பனேட்டு நெகிழி மெல்ல மெல்லக் கண்ணாடியின் இடத்தைப் பிடித்தது. இந்தியாவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரும், பிரீமியர் பத்மினியும் வட்டக் கண்ணாடி விளக்குகளுக்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

மங்குவதற்கான காரணங்கள்

பாலிகார்பனேட்டு மென்மையானது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்களால் அதன் மேற்பூச்சு சிதைந்து மஞ்சளாகிறது. கண்ணாடியைப் புறஊதாக் கதிர்கள் இவ்வாறு சிதைப்பதில்லை. அதன் எதிரி மணல். மோவின் கடினத்தன்மை அளவுகோலில் சாதாரணக் கண்ணாடி 5.5 முதல் 6 வரையிலும், மணலின் முதன்மைக் கூறான குவார்ட்சு 7 இலும் உள்ளன. முன்செல்லும் வண்டிகள் எழுப்பும் மணல் துகள்கள் ஆண்டுக்கணக்கில் மோதி, கண்ணாடியின் மேற்பரப்பில் ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு குழியும் ஒளியைச் சிதறச் செய்யும். சாலையில் விழவேண்டிய ஒளி குறைவதுடன், சிதறிய ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்வதுதான் இதில் பெரிய இடர். ஓட்டுநருக்குத் தம் விளக்கின் மங்கல் பழகிப்போய்விடும். எதிரே வருபவருக்கு அப்படியன்று.

இரண்டாவது காரணம் படிவுகள். கடின நீர் காய்ந்து விடும் சுண்ணாம்புப் படிவு, தார்ப் புள்ளிகள், பூச்சிகளின் எச்சம் முதலியன வெளிப்புறத்திலும், நீராவியும் தூசியும் சேர்ந்த மெல்லிய படலம் உட்புறத்திலும் படிகின்றன.

மூன்றாவது, கண்ணாடியில் குறையே இல்லாத நிலை. ரப்பர் வளையம் கெட்டு உள்ளே புகும் ஈரம், பின்னால் உள்ள எதிரொளிப்பானைக் கறுக்கச் செய்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கண்ணாடியே மங்கியதுபோல் தோன்றும்.

குறையை அறிதல்

முதலில் அது கண்ணாடிதானா என்பதை உறுதி செய்யவேண்டும். நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென ஒலிக்கும். நெகிழியின் ஓசை மந்தமாக இருக்கும். தொட்டாலும் கண்ணாடி கூடுதல் குளிர்ச்சியாக உணரப்படும்.

அடுத்து விளக்கை நன்கு கழுவி, காய்ந்த நிலையிலும் நீரால் நனைத்த நிலையிலும் பார்க்கவேண்டும். நனைத்தவுடன் மங்கல் மறைந்து, காய்ந்ததும் திரும்பினால் குறை வெளிப்பரப்பில் உள்ளது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1, நீரினது 1.33, கண்ணாடியினது 1.5 அளவில். குழிகளை நீர் நிரப்பும்போது வேறுபாடு குறைந்து ஒளிச்சிதறலும் குறைகிறது. நனைத்தும் மங்கல் மாறாவிட்டால் குறை உள்ளே இருக்கிறது. வெளிப்புறத்தை எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை. செலவற்ற இச்சோதனையைத் தவிர்த்துவிட்டு மெருகுப்பசை வாங்கச் செல்வது வீண்வேலை.

வெளிப்புறத்தைச் சீர்செய்தல்

சுண்ணாம்புப் படிவை வினிகர் அல்லது நீர்த்த சிட்ரிக் அமிலம் கரைக்கும். தாரை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அகற்றலாம். ஒட்டிய வண்ணப்பூச்சுத் துளிகளை, ஈரப்படுத்திய பரப்பின் மீது புதிய பிளேடைச் சாய்வாகப் பிடித்துச் சுரண்டி எடுக்கலாம்.

நுண்கீறல்களுக்குச் சீரியம் ஆக்சைடு பயன்படுகிறது. வில்லைகளையும் ஆடிகளையும் மெருகேற்ற உதவும் அதே பொடியே இது. இது வெறுமனே உராய்வதில்லை. நீரின் துணையுடன் கண்ணாடியின் மேற்பரப்போடு வேதிவினை புரிந்து மிக மெல்லிய அளவில் அகற்றுகிறது. பொடியை நீரில் பாலேடு போலக் குழைத்து, ஃபெல்ட் வட்டு பொருத்திய கருவியைக் குறைந்த வேகத்தில் இயக்கித் தேய்க்கவேண்டும். பரப்பு காயவிடக் கூடாது. ஓரிடம் மட்டும் சூடேறினால் கண்ணாடி விரிசல் விடும். ஒரே இடத்தில் நெடுநேரம் தேய்த்தால் பள்ளம் விழுந்து ஒளிக்கற்றையின் வடிவம் கெடும். பொறுமை வேண்டிய வேலை இது. ஒரு விளக்குக்கு மணிக்கணக்கில் ஆகலாம்.

நெகிழி விளக்குகளுக்கான உப்புத்தாள்களைக் கண்ணாடியில் பயன்படுத்துவது தவறு. சிலிக்கான் கார்பைடு தாள் கண்ணாடியை எளிதில் கீறும். அக்கீறல்களை அகற்றுவது தொடக்கத்தில் இருந்த மங்கலை அகற்றுவதை விடக் கடினம். நகம் தட்டுப்படும் அளவு ஆழமான கீறலையும், பரப்பெங்கும் நிறைந்த மணற்குழிகளையும் மெருகேற்றிப் போக்க முயல்வது பொதுவாக வீண்.

ஐதரோபுளோரிக் அமிலமோ அமோனியம் பைபுளோரைடோ கலந்த துப்புரவு நீர்மங்கள் கண்ணாடியையே அரிக்கக்கூடியவை. மேலும் இவை தோலினூடே ஊடுருவி உடலின் கால்சியத்துடன் வினைபுரிகின்றன. பட்டவுடன் வலி தெரியாமலும் இருக்கலாம் என்பதால் ஆபத்து மிகுதி. இவற்றை இவ்வேலைக்குப் பயன்படுத்தலாகாது.

உட்புறமும் எதிரொளிப்பானும்

அடைப்பு விளக்கின் உட்புறத்தைத் தூய்மைப்படுத்த வழியில்லை. பல்பு தனியாக உள்ள விளக்குகளில், பல்பைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து ஊற்றிக் குலுக்கி, காய்ச்சி வடித்த நீரால் அலசி, கவிழ்த்து முழுமையாக உலரவிடலாம். எதிரொளிப்பானைத் துணியால் துடைக்கக் கூடாது. அதன்மேல் உள்ள அலுமினியப் படலம் மிக மெல்லியது, துடைத்தால் உரிந்துவிடும். படலம் ஏற்கெனவே உதிர்ந்திருந்தால் கழுவுவதால் மீளாது. புதிதாகப் பூசச் செய்யவேண்டும். மிகப் பழைய வண்டிகளின் வெள்ளி பூசிய பித்தளை எதிரொளிப்பான்கள் கந்தகச் சேர்மங்களால் கறுப்பவை. இவற்றை மென்மையாக மெருகேற்றலாம். எனினும் ஒவ்வொரு முறையும் சிறிது வெள்ளி போய்விடும்.

ஆலசன் பல்பைத் திரும்பப் பொருத்தும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மிகையாகச் சூடேறிப் பல்பு விரைவில் பழுதாகும்.

மின்னழுத்தம்

கண்ணாடியும் எதிரொளிப்பானும் நன்றாயிருந்தும் ஒளி மங்கினால் மின்கம்பிகளை ஆராயவேண்டும். இழை விளக்கின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்கிற்கு ஏற்ப மாறுகிறது. எனவே மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் ஒளி ஏறக்குறைய 30 விழுக்காடு குறையும். துருப்பிடித்த இணைப்புகளும், முழு மின்னோட்டமும் ஓட்டுநரின் சொடுக்கி வழியே செல்லும் பழைய அமைப்பும் இதற்குக் காரணமாகின்றன. இணைப்புகளைத் தூய்மைப்படுத்தி, மின்கலத்திலிருந்து ரிலே வழியாகத் தடித்த கம்பியில் மின்சாரம் கொடுப்பது வழக்கமான தீர்வு.

விளக்கைக் கழற்றி மாட்டிய பின், வண்டியைச் சமதளத்தில் சுவருக்கு எதிரே நிறுத்தி ஒளிக்கற்றையின் உயரத்தையும் திசையையும் சரிபார்த்து, விளக்கு வளையத்தில் உள்ள திருகுகளால் திருத்தவேண்டும்.