மங்குக்கு ரெண்டு சொட்டு எண்ணெயா?

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூமாலைக் கடைகளைத் தாண்டினால், பூசைச் சாமான் விற்கும் கடைகளில் கற்பூரத்துக்குப் பக்கத்திலேயே சின்னச் சின்னப் பழுப்புக் குப்பிகள் நிற்கும். பட்டை எண்ணெய், செராய் (எலுமிச்சைப்புல்) எண்ணெய், எலுமிச்சை எண்ணெய். போன மாதம் ஒரு கடையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு இரு கன்னத்திலும் மங்கு. "ராத்திரி ரெண்டு சொட்டு தேய்ங்க அக்கா, ஒரு மாசத்துல போயிரும். கெமிக்கலே இல்ல" என்றார் கடைக்காரர். அந்த அம்மாவும் வாங்கிவிட்டார். நான் வாயைத் திறக்காமல் நின்றது இன்னும் உறுத்துகிறது.

வாழைப்பூவும் கன்னமும்

கடைக்காரர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. வாழைப்பூவை ஆய்ந்து நறுக்கி அப்படியே வைத்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும்; அதனால்தான் மோர்த் தண்ணீரில் போடுகிறோம். வெட்டிய இடத்தில் காற்று பட்டதும் பூவிலுள்ள ஒரு நொதி வேலையைத் தொடங்குகிறது. தண்ணீர் காற்றை மறிக்கிறது, மோரின் புளிப்பு நொதியை மந்தமாக்குகிறது. நம் தோலுக்கு நிறம் கொடுப்பது அந்த நொதியின் உறவுக்காரிதான். பெயர் டைரோசினேஸ். உள்ளே இரண்டு செம்பு அணுக்களை வைத்துக்கொண்டு, டைரோசின் என்ற அமினோ அமிலத்தை மெலனின் நிறமியாக்கும் முதல் படிகளை அது நடத்துகிறது.

பட்டையின் சின்னமால்டிஹைடு, செராயின் சிட்ரால், சீரக வாசனைக்குக் காரணமான குமினால்டிஹைடு போன்ற மணப்பொருள்கள் இந்த நொதியைத் தடுப்பதை ஆய்வுக்கூடங்கள் காட்டியிருக்கின்றன. ஆனால் அந்தச் சோதனைகள் பெரும்பாலும் காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸை வைத்து நடந்தவை. காளான் நொதி மலிவு, சுலபமாகக் கிடைக்கும். மனித நொதியின் அமைப்பு வேறு. காளானிடம் ஜெயித்த பொருள் மனிதரிடம் தோற்பது ஆய்வாளர்களுக்குப் பழகிப்போன கதை. போதாததற்கு, நம் நொதி இருப்பது மேல்தோலின் அடிவரிசைச் செல்களுக்குள். சோதனைக் குழாயில் கலந்தது போல அங்கே போய்க் கலந்துவிட முடியாது.

தடவினால் கறுக்கும்

பட்டை எண்ணெயை நீர்க்காமல் தடவினால் தோல் எரியும், ஒவ்வாமை வரும். ஒவ்வாமை ஆறிய இடம் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் கறுத்துப்போகும். சாயம் கலந்த குங்குமத்தால் நெற்றி நடுவே கறுப்பு வட்டம் விழுந்த பாட்டிகளைப் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். பழத்தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயிலோ ஃபியூரோகூமரின் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் புண்ணாகும். தழும்பு மாதக்கணக்கில் மறையாது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 3 பாகை தூரத்தில்தான் இருக்கிறது. இங்கே வெயிலுக்கு விடுமுறை ஏது?

மரத்திலிருந்து வந்தால் ஆபத்தில்லை என்பவர்கள் ஜப்பானைக் கேட்க வேண்டும். வெள்ளை பிர்ச் மரத்தில் உள்ள ரோடோடென்ட்ரால், டைரோசினேஸைத் தடுக்கும் பொருள். அதைச் சேர்த்து, அரசு அனுமதியோடுதான் கானெபோ நிறுவனம் கிரீம்கள் விற்றது. 2013 ஜூலையில் அத்தனையையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. சுமார் 19,000 பேருக்கு முகத்திலும் கையிலும் வெண்திட்டுகள். நொதி அதை நச்சாக மாற்ற, நிறம் தரும் செல்களே செத்துப்போயிருந்தன.

பசார் மாலாம் டப்பா

எண்ணெய்க் குப்பியைவிட நான் அஞ்சுவது, கிள்ளான் பள்ளத்தாக்கின் இரவுச் சந்தைகளிலும் கைப்பேசி விற்பனையிலும் கிடைக்கும் லேபிளில்லாத வெள்ளைக் கிரீம்களுக்கு. இத்தகைய கிரீம்களில் கலக்கப்படும் பாதரசமும் டைரோசினேஸை முடக்கும். ஒரே வாரத்தில் முகம் பளிச்சிடும், பிறகு சிறுநீரகம் பதில் சொல்லும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதம் தொடர்பான வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் கிரீம் பூசியவர்கள். மலேசியாவிலும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் கலந்த அழகுப் பொருள்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு விற்பனையைத் தடுக்கிறது. பெட்டியில் என்-ஓ-டி என்று தொடங்கும் எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்நிறுவனத்தின் இணையதளத்தில் அதைத் தட்டிச் சரிபாருங்கள். எண் இல்லாததை வாங்காதீர்கள்.

மங்குக்கு முதல் மருந்து வெயில் மறைப்புதான். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டுவதால், இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. அதற்கு மேல் அசெலாயிக் அமிலமா, வேறு மருந்தா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

குப்பியை ஏற்கெனவே வாங்கிவிட்ட அக்காமார்களே, முகத்தில் தடவாதீர்கள். தடவி எரிச்சல் கண்டிருந்தால் குப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளி.